அழுகிற பிள்ளைக்கு ஒரு சுற்று அதிகம்

கம்பளிப்பூச்சி ரயிலின் முதல் பெட்டியில் உட்கார்ந்துகொண்டு பாப்பா சிரித்துவிட்டாள். ரயிலை ஓட்டுகிற ஆபரேட்டர் பயந்துபோனான். பெற்ற பெண் சிரிப்பதைப் பார்த்து இப்படி நடுங்குகிற தகப்பன் அந்தப் பொருட்காட்சி மைதானத்தில் வேறொருவன் இருந்திருக்க மாட்டான்.

விஷயம் இதுதான். அந்த ரயில் சின்னப் பிள்ளைகளுக்கானது. பச்சைப் பெயின்ட் அடித்த நாலைந்து பெட்டிகள், முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு பூச்சி மூஞ்சி. சங்கிலி இழுத்துப்போய் ஆள் உயர மேட்டில் ஏற்றும். அங்கிருந்து ஒரு சறுக்கல், இரண்டு வளைவு, மறுபடியும் சங்கிலி. மூன்று சுற்றோடு டிக்கெட் தீர்ந்தது. பக்கத்தில் ராட்சத ராட்டினங்கள் வானத்தைத் துழாவிக்கொண்டிருக்கும்போது இதை யார் சீந்துவார்கள்? ஆனால் ரயிலின் முதலாளி, ஆபரேட்டருடைய மனைவியின் அண்ணன், ஊர் ஊராகத் திரிந்து ஒரு சூட்சுமத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். முதல் பெட்டியில் ஒரு பிள்ளை வாய்விட்டு அழ வேண்டும். அழுகைச் சத்தம் கேட்டால் போகிற கூட்டம் நிற்கும். நின்றால் சிரிக்கும், செல்போனைத் தூக்கிப் பிடிக்கும், அப்புறம் நம் பிள்ளை அழுகிறதா என்று பார்க்கிற ஆசையில் வரிசையில் வந்து நிற்கும். சிரிக்கிற பிள்ளையை யாரும் நின்று பார்ப்பதில்லை. ஆகவே அழப்போகிற பிள்ளையை முகத்தைப் பார்த்தே அடையாளம் கண்டு முதல் பெட்டியில் ஏற்றுவதும், அது அழுதால் இறக்கிவிடாமல் நாலாவதாக ஒரு சுற்று விடுவதும் ஆபரேட்டரின் வேலை. பெற்றவர்கள் சண்டைக்கு வந்ததே இல்லை. ஓசிச் சுற்று கிடைத்ததே என்று நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள்.

சாயங்காலம் கூட்டம் சேர்வதற்கு முன்னால்தான் கஷ்டம். காலி ரயிலில் எந்தப் பிள்ளை வந்து அழும்? அப்போதுதான் மச்சானின் கண் பாப்பாமேல் விழுந்தது. பாப்பாவின் அம்மா வேறு ஊரில் ஒரு வீட்டோடு தங்கிப் படுக்கையில் கிடக்கும் கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போயிருந்தாள். அவள் போனதும் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, தகப்பனும் மகளும் டிக்கெட் கூண்டுக்குப் பின்னால் தகரத் தடுப்பில் குடியிருந்தார்கள்.

“வீட்லயே ஒரு அழுமூஞ்சிய வெச்சுக்கிட்டு வெளிய எதுக்கு மாப்ள தேடணும்?” என்றார் மச்சான்.

“அவ ரொம்பப் பயப்படுவா மச்சான்.”

“அதுக்குத்தானே சொல்றேன்.”

பாப்பா பயந்தாள். ஊரைக் கூட்டி அழுதாள். ஊரும் கூடியது. ஆனால் பாழாய்ப்போன குழந்தைகளுக்கு எதுவும் சீக்கிரம் பழகிப்போய்விடுகிறது. முதலில் அழுகை விசும்பலானது; விசும்பல் நின்று கம்பியை இறுக்கிப் பிடித்தாள்; இன்றைக்கு மேட்டிலிருந்து சறுக்கும்போது இரண்டு கையையும் விட்டுவிட்டு, “அப்பா, பயமே இல்லப்பா!” என்று கத்திச் சிரித்தாள். அவள் தைரியத்தைத் தன்னிடம் காட்டுகிறாள் என்பது ஆபரேட்டருக்குத் தெரிந்தது. தூக்கிக் கொஞ்சியிருக்க வேண்டும். அவன் திரும்பி மச்சானைப் பார்த்தான்.

“நாளைக்கும் இப்படி ஈ ஓட்டுனா பெட்டியக் கட்டிக்கிட்டுக் கிளம்பிடு” என்றார் அவர். “தங்கச்சி மூஞ்சிக்காகத்தான் பொறுத்துக்கிட்டு இருக்கேன்.”

மறுநாள் பாப்பாவின் மடிமேல் கம்பியை மாட்டும் சாக்கில் ஆபரேட்டர் அவள் தொடையைக் கிள்ளினான். விளையாட்டு என்று நினைத்து அவளும் அவன் கையைக் கிள்ளினாள். டிக்கெட் கூண்டிலிருந்து மச்சான் தொண்டையைச் செருமுவது கேட்டது. ஆபரேட்டர் குனிந்து அவள் காதில் சொன்னான்.

“அம்மா இனிமே வரமாட்டா. நம்மள வேணாம்னு சொல்லிட்டா.”

காலையில்தான் அம்மா போனில் பேசியிருந்தாள். பாப்பாவுக்கு ஒரு கவுன் எடுத்து வைத்திருப்பதாகவும், கிழவருக்கு வேறு ஆள் கிடைத்ததும் வந்துவிடுவதாகவும் சொல்லியிருந்தாள். பாப்பா உடனே அழவில்லை. அப்பா விளையாடுகிறாரா என்று அவன் முகத்தைத் தேடிப் பார்த்தாள். அவன் முகத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டு பச்சைப் பொத்தானை அழுத்தினான். மேட்டின் உச்சியில் அழுகை வெடித்தது. ரயிலுக்குப் பயந்த பழைய அழுகை அல்ல அது. ஐஸ் வாங்கிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள். மச்சானுக்கு வாயெல்லாம் பல்.

இறக்கியதும் அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஞ்சுமிட்டாய் வாங்கிக் கொடுத்தான்.

“சும்மா சொன்னேன்டா கண்ணு. அம்மா வருவா.”

“அப்ப ஏம்ப்பா அப்படிச் சொன்ன?”

“நீ அழுதாத்தான் ஆளுங்க வருவாங்க. ஆளுங்க வந்தாத்தான் மாமா நம்மள இங்க இருக்க விடுவாரு.”

பாப்பா மிட்டாயை நக்கியபடி யோசித்தாள். வேலை அவளுக்குப் புரிந்துவிட்டது போலிருந்தது. அடுத்த நாளும் அவன் அதையே சொன்னான், அதற்கடுத்த நாளும். பொய் என்று தெரிந்தும் அவள் அழுதாள். நாளாக ஆக, பொய் என்று அவளுக்குத் தெரிகிறதா என்பதே அவனுக்குச் சந்தேகமாகிவிட்டது. போன் வந்தால் அவள் வாங்குவதில்லை. “வெச்சிடச் சொல்லுப்பா, அவதான் வரமாட்டாளே” என்றாள் ஒருநாள். எதிர்முனையில் அம்மா, “என்ன சொல்றா? என்மேல கோவமா?” என்று கேட்டாள். “விளையாடிக்கிட்டு இருக்கா” என்று சொல்லி ஆபரேட்டர் வைத்துவிட்டான். இனி அதைச் சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டான். ஆனால் சாயங்காலம் வந்தால் குனிந்து காதில் சொன்னான்.

கடைசியில் அந்த வார்த்தையும் தேய்ந்துபோனது. அன்றைக்குச் சொல்லி முடித்தபோது பாப்பாவின் கண் காய்ந்து கிடந்தது. “அழ வரலப்பா” என்றாள் மெதுவாக. வேலையைச் சரியாகச் செய்ய முடியவில்லையே என்கிற பயம்தான் அவள் முகத்தில் இருந்தது. மச்சான் கூண்டைவிட்டு வெளியே வந்து இடுப்பில் கைவைத்து நின்றார்.

அந்த நேரம் பார்த்து மஞ்சள் சட்டை போட்ட ஒரு பொடியன் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிவந்தான். அழுகிற ஜாதியே இல்லை. பூச்சி மூஞ்சிக்கு இவனே முதலில் பல்லைக் காட்டினான். முதல் பெட்டிதான் வேண்டுமென்று பாப்பாவின் பக்கத்தில் ஏறிக்கொண்டான். அவன் அம்மா வேலிக்கு வெளியே செல்போனைத் தூக்கிப் பிடித்தாள். ஆபரேட்டர் பச்சைப் பொத்தானை அழுத்தினான். சங்கிலி கடகடவென்று இழுக்கத் தொடங்கியபோது பாப்பா பொடியன் பக்கம் சாய்ந்தாள். கையைக் குவித்து, அவன் காதில் வாயை வைத்தாள்.

பொடியன் சட்டென்று திரும்பி வேலியைப் பார்த்தான். அம்மா கையாட்டினாள். ரயில் டிக்கெட் கூண்டுக்குப் பின்பக்கம் வளைந்தது. அங்கிருந்து பார்த்தால் வேலி தெரியாது. வெளியே வரும்போது அவன் “அம்மா, அம்மா” என்று தொண்டை கிழிய அலறிக்கொண்டிருந்தான். கூட்டம் நின்றது. “டேய், அம்மா இங்கதான்டா இருக்கேன்!” என்று சிரித்தபடியே கூப்பிட்ட அவன் அம்மா, அடுத்த சுற்றில் சிரிப்பை நிறுத்திவிட்டு வேலியோரமாக ஓட ஆரம்பித்தாள். சங்கிலிச் சத்தத்தில் அவள் குரல் அவனுக்கு எட்டவில்லை.

“அப்பா!” என்று பாப்பா பின்னால் திரும்பிக் கத்தினாள். “நான் சொல்லிட்டேன்ப்பா! நல்லா அழறான் பாரு!”

மூன்றாவது சுற்று முடிந்து ரயில் மேடையருகே வந்தது. ஆபரேட்டரின் விரல் சிவப்புப் பொத்தான்மேல் இருந்தது. டிக்கெட் கூண்டின் முன்னால் வரிசை வளர்ந்துகொண்டிருந்தது. மச்சான் இன்னும் ஒன்று என்று விரலைக் காட்டினார். முதல் பெட்டி அவனைக் கடந்து போய்ச் சங்கிலியில் மாட்டிக்கொண்டது. மேட்டின் உச்சியில் பாப்பா, அழுகிறவனின் தோளில் ஒரு கையைப் போட்டுக்கொண்டு, இன்னொரு கையை அப்பாவைப் பார்த்து ஆட்டினாள். அவன் பொத்தானிலிருந்து விரலை எடுத்து, பதிலுக்குக் கையாட்டினான்.