கற்களை நகர்த்தாத ஞாயிறு

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. அக்காவின் மீன்தொட்டியிலிருந்து, அவளைக் கேட்காமல் எடுத்துக்கொண்டேன். இதில் வரும் தங்கை நான்தான். ஆனாலும் அக்காவின் தோளுக்குப் பின்னால் நின்றுதான் சொல்லப்போகிறேன். என் பக்கமிருந்து சொன்னால் நான் ரொம்ப நல்லவளாகிவிடுகிறேன்; இரண்டு தடவை எழுதிப் பார்த்துக் கிழித்துவிட்டேன்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "மஞ்சள் மீன் வாய் திறந்து இருபது நாள் ஆகியிருந்தது. ஒரு துறவியைப் போல அது..."

வேண்டாம். மீனைத் துறவியாக்கினால் அக்கா சிரிப்பாள்.

2

அக்காவுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வீட்டுக்கு வந்தால் கைப்பையைக்கூட இறக்காமல் தொட்டி முன்னால் போய் நிற்பாள். நான்கடித் தொட்டி. நீலம், ஆரஞ்சு, மஞ்சள் என்று சிக்லிட் மீன்கள். ஒவ்வொன்றும் ஒரு கல்லைத் தனக்கென்று பிடித்து வைத்திருக்கும். அடுத்தது கிட்டே வந்தால் கடிதான். ("அப்படியே உங்க குடும்பம்" என்பார் அத்தான். கல்யாணமான பதினோரு வருடத்தையும் இந்த ஒரே ஜோக்கை வைத்து ஓட்டிவிட்டார்.)

இந்த வகையில் தாய் முட்டைகளை வாய்க்குள்ளேயே வைத்துப் பொரிக்கும். மூன்று வாரம் இரை எடுக்காது. அக்கா அதைச் சமையலறை மேடையில் ஒரு சின்னத் தொட்டிக்கு மாற்றிவிடுவாள். குஞ்சுகள் வெளியே வந்ததும் தாயை நாலு நாள் தேற்றி, பெரிய தொட்டிக்கே திரும்ப விடவேண்டும். சிக்கல் அங்கேதான். இத்தனை நாள் கண்ணில் படாத மீன் மற்றவற்றுக்கு அந்நியம். அதனால் விடுவதற்கு முன்னால் அக்கா எல்லாக் கற்களையும் இடம் மாற்றுவாள்.

"எல்லாருக்கும் வீடு தொலைஞ்சுபோச்சுன்னா, புதுசா வந்தவளை அடிக்க யாருக்குடி நேரம் இருக்கும்?" என்று தங்கைக்கு ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

3

கல்யாணத்தை முறித்துக்கொண்டு தங்கை இரண்டு பெட்டிகளோடு வந்து சேர்ந்தபோது, மஞ்சள் மீன் வாய் நிறைய முட்டையோடு சின்னத் தொட்டியில் இருந்தது. (ஒப்பிடாதீர்கள். நான் ஒப்பிட்டேன்; அந்தப் பத்தியை அடித்துவிட்டேன்.) அக்கா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்தாள்.

மூன்றாவது வார ஞாயிறு மதியம், சும்மா இருக்கப் பிடிக்காமல் தங்கை சமையலறையை ஒழுங்குபடுத்தினாள். தம்ளர்களைக் கீழே இறக்கி, பெரிய பாத்திரங்களை மேலே ஏற்றினாள். அக்கா வந்து பார்த்தாள்.

"இதெல்லாம் யாரு மாத்தச் சொன்னது?"

"எட்டவே இல்லக்கா. நீயே ஸ்டூல் போட்டுத்தானே எடுக்கிற?"

"பதினோரு வருஷமா ஸ்டூல் போட்டுத்தான் எடுக்கிறேன். உன்கிட்ட வந்து அழுதேனா?"

"உனக்கு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு..."

"இந்த வீட்டுல எதையும் நகர்த்தாத. வந்தவ வந்த மாதிரி இரு."

கூடத்தில் அத்தான் டிவி சத்தத்தைக் கூட்டினார். (இல்லை. குறைத்தார். காது கொடுக்க வசதியாக.)

சொல்லி முடித்ததுமே அக்காவுக்குச் சுருக்கென்றது. அந்தச் சொல்லை எப்படித் திரும்ப எடுப்பதென்று தெரியவில்லை. கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. குஞ்சுகளை வெளியே விட்டு நாலு நாளில் தேறியிருந்த மஞ்சளை வலையில் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். பெரிய தொட்டியின் மூடியைத் திறந்தாள். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினாள். நிமிர்ந்தபோது தங்கை சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா கையைத் தண்ணீருக்குள் விடவில்லை. மஞ்சளை மட்டும் விட்டுவிட்டு மூடியைப் போட்டாள்.

மறுநாள் காலை அது மேலே சாய்ந்து மிதந்தது. வால் இல்லை.

4

ஏன் கற்களை நகர்த்தவில்லை?

மறந்துவிட்டாள் என்று ஒரு பிரதியில் எழுதினேன். பொய். சட்டைக் கையைச் சுருட்டியவள் மறக்கவில்லை. கோபம் என்று எழுதினேன். கோபம் அதற்குள் ஆறிப்போயிருந்தது. எதையும் நகர்த்தாதே என்று சொல்லி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தங்கை பார்த்துக்கொண்டிருக்க, தன் கையாலேயே தன் வீட்டில் கற்களை நகர்த்த அவளால் முடியவில்லை. அவ்வளவுதான்.

அன்றைக்கே தங்கை பெட்டிகளைக் கட்டினாள். "ஒரு மீனுக்காகவா கிளம்புற?" என்றார் அத்தான். அக்கா செத்த மீனைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். இரு என்று சொல்ல

(இந்த வாக்கியத்தை எப்படி முடிப்பதென்று இரண்டு வருடமாகத் தெரியவில்லை.)

5

இனிமேல் 'தங்கை' என்று எழுதி ஒளிந்துகொள்ள முடியாது.

நான் வாசலில் நின்றிருந்தேன். கற்களைப் பற்றி எனக்குத் தெரியும். "அக்கா, கல்லு" என்றால் போதும். "தெரியும், போடி" என்று எரிந்து விழுந்திருப்பாள், விழுந்துகொண்டே நகர்த்தியிருப்பாள். நானே சொல்லிவிட்டால் அவளுக்கு அது தோல்வியாகப் படாது என்பதுகூட எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. வாயை மூடிக்கொண்டேன். மஞ்சள் சாகவேண்டும் என்று நினைக்கவில்லை, சத்தியமாக. அவள் தப்பு செய்யவேண்டும் என்று நினைத்தேன்.

போனில் அக்கா இன்னும் சொல்கிறாள்: "உனக்கு அந்தக் கல்லு விஷயமெல்லாம் எங்க ஞாபகம் இருந்திருக்கும்? தெரிஞ்சே விட்டவ நான்தான். பாவம் எனக்குத்தான்."

"விடுக்கா" என்கிறேன் ஒவ்வொரு முறையும், பெருந்தன்மையாக.

நான் எழுதுவதை முதலில் படிப்பவள் அவள். அவள் சரி என்று சொல்லாமல் எதையும் வெளியே அனுப்பியதில்லை. ஆகவே இது உங்கள் கையில் இருந்தால், அவள் படித்துவிட்டாள். என்ன சொன்னாள் என்பதை எழுதமாட்டேன். அதையும் கேட்காமல் எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. தொடக்கத்தை மட்டும் தருகிறேன். மிச்சத்தை, அவளிடத்தில் நின்று, நீங்கள் சொல்லுங்கள்.

அக்கா கடைசித் தாளை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்து,