ஒரு அடி இடப்பக்கம்

மோகனா வேலை பார்த்த ஷூ கம்பெனியில் வருஷத்துக்கு ஒருமுறை விளையாட்டு விழா நடக்கும். கயிறு இழுக்கும் போட்டியில் அவளைக் கடைசி ஆளாக நிறுத்தி, கயிற்றை இடுப்பில் சுற்றிவிடுவார்கள். அந்த வருஷம் எதிர்ப்பக்கம் பத்துப் பேர் இழுத்தும் அவள் நகரவில்லை. சுற்றி நின்ற பெண்கள், "லாரி நின்னுடுச்சு டோய், லாரி நின்னுடுச்சு" என்று கத்திச் சிரித்தார்கள். ஷூவுக்குப் பசை ஒட்டும் பேஸ்டிங் லைனில் அவளுக்கு அதுதான் பெயர். இருபத்து நான்கு வயது, தொண்ணூற்றிரண்டு கிலோ.

பரிசு கொடுக்க வந்திருந்த நாகேந்திரன் மட்டும் சிரிக்கவில்லை. பள்ளிகொண்டா பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் அவன் உடற்பயிற்சி ஆசிரியர். அமெரிக்கன் ஃபுட்பால் ஆடும் பெண்கள் அணி ஒன்றை அங்கே உண்டாக்கியிருந்தான். கல்லூரிப் பெண்கள் போதாமல் வெளியே ஆள் தேடிக்கொண்டிருந்தான்.

"உன் வெயிட் இன்னா?" என்று கேட்டான்.

சொன்னாள்.

"கம்மி பண்ணிடாதே," என்றான்.

அவளிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஆம்பூரில் பஸ் ஏறினாள்.

காலால் உதைக்கிற ஆட்டம் இல்லை அது. இரண்டு பக்கமும் கூம்பின பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஒருத்தி ஓடுவாள். அவளுக்கு வழி உண்டாக்க அவள் அணியினர் முன்னால் நிற்பவர்களை முட்டித் தள்ளுவார்கள். மோகனாவுக்குக் கிடைத்த இடத்துக்கு டிஃபென்சிவ் டேக்கிள் என்று பெயர். தடுக்கும் அணியின் முன்வரிசையில், நட்டநடுவில், ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நிற்க வேண்டும்.

"பந்து உன்னுது இல்ல," என்று நாகேந்திரன் முதல் நாளே சொன்னான். "அதை மறந்துடு. உன் எதிர்ல ரெண்டு பேர் வருவாளுங்க. ரெண்டு பேரையும் நீயே வாங்கிக்கணும். அதுல ஒருத்தி உன்னைத் தாண்டிப் பின்னாடி போய்ட்டாலும் நீ வேஸ்ட்."

தாண்டிப் போனால் என்ன ஆகும் என்பதை அவள் மெல்ல மெல்லத்தான் புரிந்துகொண்டாள். அவளுக்கு நாலு அடி பின்னால் லைன்பேக்கர் நிற்பாள். பந்தோடு வருகிறவளைப் பிடித்துச் சாய்ப்பது அவள் வேலை. அப்படிச் சாய்ப்பதற்கும் டேக்கிள் என்றுதான் பெயர். முன்னால் மோகனா இரண்டு பேரையும் பிடித்து வைத்திருக்கும் வரை லைன்பேக்கரைத் தொட ஆள் இருக்காது. அவள் சுகமாக ஓடிப்போய்ப் பிடிக்கலாம்.

அந்த லைன்பேக்கர் பூர்ணிமா. குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற வீட்டுப் பெண், அதே கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்தாள். ஒல்லியான உடம்பு, மின்னல் மாதிரி கால். ஒவ்வொரு முறை பந்து கிளம்பும் முன்பும் அவள் முன்னால் வந்து மோகனாவின் இடுப்பில் தட்டுவாள். வலப்பக்கம் தட்டினால் வலப்பக்க இடைவெளியை அடைக்க வேண்டும், இடப்பக்கம் தட்டினால் இடப்பக்கம். பேச்சே வேண்டியிருக்கவில்லை.

நாகேந்திரன் கற்றுக்கொடுத்த விதம் ஈவிரக்கம் இல்லாதது. எதிராளியைவிடத் தாழ்வாக நிற்க வேண்டும் என்பதற்காக ஒரு கயிற்றை இடுப்பு உயரத்தில் கட்டி, அதன் அடியிலேயே அவளை முன்னும் பின்னும் பாயவிட்டான். தலை தூக்கினால் கயிறு கழுத்தில் அறுக்கும். எதிராளி கத்தும் சத்தத்தைக் கேட்டுப் பாயக்கூடாது, பந்து தரையை விட்டு அசைவதைப் பார்த்துத்தான் பாய வேண்டும். ஏமாந்து முன்கூட்டிப் பாய்ந்தால் வெயிலில் மைதானத்தை நாலு சுற்று. முதலில் கை எதிராளியின் மார்புக்குப் போய்ச் சேர வேண்டும், பிந்திய கை தோற்ற கை. இரண்டு பேர் சேர்ந்து மோதும்போது மட்டும் ஒரு முட்டியைத் தரையில் இறக்கி, மூட்டை விழுந்த மாதிரி அங்கேயே கிடந்துவிட வேண்டும். இதற்காக மூன்று பெண்களை மாற்றி மாற்றி அவள்மேல் ஏவினான்.

"வலிக்குது சார்," என்றாள் ஒருநாள்.

"உனக்கு வலிக்கலைன்னா பூர்ணிமாவுக்கு வலிக்கும். யாருக்கு வலிக்கணும்னு சொல்லு."

அவள் மறுபடியும் கையை ஊன்றினாள். வலது கையின் இரண்டு விரல்கள் வளைந்து அப்படியே நின்றுவிட்டன. திங்கட்கிழமைகளில் சோலில் பசை தடவும்போது பிரஷ் நழுவும். சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கேட்பான், "இன்னா லாரி, எங்க போய் மோதிட்டு வந்த?"

ஆனால் அவள் சந்தோஷமாக இருந்தாள். இந்த உடம்பு வேண்டும் என்று கேட்கிற இடம் ஒன்று இருந்தது. ஆறே மாதத்தில் அவளை நகர்த்தக்கூடிய ஜோடி எந்த அணியிலும் இல்லாமல் போயிற்று. அணி ஜெயித்தது. பூர்ணிமா பிடித்த டேக்கிள்களின் எண்ணிக்கை போட்டு, அவள் படத்தோடு கல்லூரி வாசலில் பேனர் கட்டினார்கள். ஒரு யூடியூப் சேனலில் இருந்து பேட்டி எடுக்க வந்தார்கள். மோகனா பக்கத்தில் இரண்டு பேருடைய ஹெல்மெட்டையும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இவங்க?" என்று கேட்டான் பேட்டி எடுத்தவன்.

"இவங்க எங்க டீமோட செவுரு," என்றாள் பூர்ணிமா. எல்லாரும் சிரித்தார்கள். மோகனாவும் சிரித்தாள்.

மார்ச் மாதம் அரக்கோணத்தில் மாநில அணிக்கான தேர்வு நடந்தது. இரண்டு நாள் ஆட்டங்கள். ஒரு கிளப்பில் இருந்து ஒருத்திதான் என்று சொல்லிவிட்டார்கள். தேர்வு செய்ய வந்த அம்மாள் கண்ணாடி போட்டு, நோட்டோடு கோட்டோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதல் நாள் ஆட்டம் முடிந்ததும் அவரவர் கணக்கை வாசித்தார். பூர்ணிமா, பதினொரு டேக்கிள். மோகனா, ஒன்றும் இல்லை.

அன்று அவளை எதிர்த்து நின்ற இரண்டு பெண்களில் ஒருத்தி மூச்சு முட்டி வெளியே போயிருந்தாள். அது எந்த நோட்டிலும் இல்லை.

மோகனா பூர்ணிமாவைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூட்டிப்போனாள். "பூர்ணி, நான் உன் எடத்தைக் கேக்கல. நான் இன்னா பண்றேன்னு அந்த மேடத்துக்குத் தெரியல. நீ ஒரு வார்த்தை சொல்லேன். நோட்டுலயாவது எழுதிக்கட்டும்."

"சொல்றேன்க்கா. இது ஒரு பெரிய விஷயமா?"

அவள் சொல்லவும் செய்தாள். சாப்பாட்டுப் பந்தலில் அந்த அம்மாளே கேட்டார், "உனக்கு முன்னாடி ஒரு பொண்ணு நிக்கிதே, அது எப்படி?" மோகனா அவர்களுக்குப் பின்னால் சாம்பாருக்கு வரிசையில் நின்றிருந்தாள். பூர்ணிமா அவளைப் பார்க்கவில்லை.

"நல்லவங்க மேடம். ஆனா ஓட மாட்டாங்க. நின்ன எடத்துலயே நிப்பாங்க. வெயிட் ஜாஸ்தி இல்ல? அந்த எடத்துல யாரை நிறுத்தினாலும் நான் சமாளிச்சுப்பேன்."

மோகனா தட்டை வைத்துவிட்டு வெளியே வந்தாள். அழுகை வரவில்லை. பசியும் போகவில்லை. சற்று நேரம் கழித்துத் திரும்பிப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை ஆட்டம் சென்னை அணியோடு. அந்த அணியின் முன்வரிசையில், வழி உண்டாக்குகிற கார்டு என்ற இடத்தில் ஒருத்தி இருந்தாள், எண்பது கிலோ, ஓடி வந்து மோதுகிறவள். முதல் பத்து நிமிஷம் மோகனா அவளையும் பக்கத்தில் இருந்தவளையும் சேர்த்துத் தரையில் அழுத்தி வைத்திருந்தாள். பூர்ணிமா இரண்டு பேரைப் பிடித்துச் சாய்த்தாள். கைதட்டல் கேட்டது.

மறுபடி பந்தை வைத்து வரிசை கட்டினார்கள். பூர்ணிமா முன்னால் வந்து வலப்பக்க இடுப்பில் தட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். மோகனா கையை ஊன்றினாள். ஹெல்மெட் கம்பிக்குள் தெரிந்த கார்டின் கண்கள் அவளுக்குப் பின்னால் இருந்த பூர்ணிமாவைப் பார்த்தன. பந்து அசைந்தது.

மோகனா ஒரு அடி இடப்பக்கம் வைத்தாள். அவ்வளவுதான் செய்தாள்.

அவளை முட்ட வந்த கார்டுக்கு எதிரே காற்றுதான் இருந்தது. வந்த வேகம் குறையாமல் அந்தச் சந்துக்குள் நுழைந்தாள். பூர்ணிமா வலப்பக்கம் அடைபட்டிருக்கும் என்ற நம்பிக்கையில் பந்தை மட்டும் பார்த்துக்கொண்டு குறுக்கே ஓடிவந்தாள். தன்னை நோக்கி வந்தவளை அவள் கடைசிவரை பார்க்கவில்லை. ஊன்றியிருந்த காலில் எண்பது கிலோவும் இறங்கியது. காய்ந்த மட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு பூர்ணிமாவின் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது.

மோகனா நடந்து போய்ப் பக்கத்தில் மண்டியிட்டாள். பூர்ணிமாவின் முழங்காலுக்குக் கீழே கால் பக்கவாட்டில் திரும்பிக் கிடந்தது.

"அக்கா, அக்கா, கையக் குடுக்கா."

கொடுத்தாள். பூர்ணிமா நகம் பதிய அதைப் பிடித்துக்கொண்டாள். தனக்கு உடம்பு லேசாக இருப்பதாக மோகனாவுக்குத் தோன்றியது. ரொம்ப நாளாக முதுகில் ஏறியிருந்த யாரோ இறங்கிப்போன மாதிரி இருந்தது. பயம் அதற்கப்புறம்தான் வந்தது, அதுவும் யாராவது பார்த்திருப்பார்களோ என்ற பயம்.

ஸ்ட்ரெச்சர் போனதும் ஆட்டம் தொடர்ந்தது. பூர்ணிமாவின் இடத்தில் நாகேந்திரன் ஒரு முதல் வருஷப் பெண்ணை நிறுத்தினான். விதிமுறைகூடச் சரியாகத் தெரியாதவள். மோகனா அதுவரை நின்றதையெல்லாம்விடத் தாழ்வாக நின்றாள். இரண்டு பேர் வந்தார்கள், மூன்றாவதாக ஒருத்தியும் வந்து முட்டிப் பார்த்தாள். யாரும் தாண்டவில்லை. அந்தச் சின்னப் பெண் தடுக்கி விழுந்து எழுந்து ஓடியே ஏழு பேரைப் பிடித்துவிட்டாள்.

நாற்காலியில் இருந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். "பின்னாடி யார் நின்னாலும் பிடிக்கிறாங்களே," என்று நாகேந்திரனிடம் சொன்னார். பிறகு நோட்டில் மோகனாவின் பெயரை எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும் ரயிலில் நாகேந்திரன் அவள் எதிரில் வந்து உட்கார்ந்தான். எல்லா ஆட்டத்தையும் அவன் போனில் படம் பிடிக்க ஏற்பாடு செய்திருந்தான். ஒரு பத்து வினாடியை மூன்று முறை ஓட்டிக் காட்டினான்.

"இன்னா இது?"

"கால் வழுக்கிடுச்சு சார்."

"வழுக்கிடுச்சு." அவன் அவளையே பார்த்தான். பக்கத்து இருக்கையில் மற்ற பெண்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். "உன்கிட்ட எல்லாம் இருக்கு, கோவம் மட்டும் இல்லன்னு நெனச்சிருந்தேன். மாநில டீம்ல போய் இதே மாதிரி நம்மாளுங்க மேல வழுக்கிடாத. எதிர்ல நிக்கிறவ மேல வழுக்கு." படத்தை அழித்துவிட்டு, வாலாஜா ரோடு ஸ்டேஷனில் டீ வாங்கிக் கொடுத்தான்.

பூர்ணிமாவுக்கு வேலூர் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷன் ஆயிற்று. முழங்காலில் தசைநாரும் அதற்குக் கீழே எலும்பும் போயிருந்தன. இரண்டு மாதம் காலை ஊன்றக்கூடாது, அதற்குப் பிறகு நடக்கலாம், ஆட முடியாது என்றார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் மோகனா பார்க்கப் போனாள். வீட்டில் பூர்ணிமாவின் அம்மா ராஜம்மாள் மட்டும் இருந்தாள். பின்வீட்டில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

அம்மா காபி போட உள்ளே போனதும் பூர்ணிமா கேட்டாள். "நகந்தியாக்கா?"

பொய் சொல்லத்தான் மோகனா வந்திருந்தாள். பஸ்ஸில் முழுக்க அதைத்தான் சொல்லிப் பார்த்திருந்தாள்.

"ஆமா," என்றாள். "பந்தல்ல நீ சொன்னதைக் கேட்டேன்."

பூர்ணிமா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தறிச் சத்தத்தில் அவள் அழுதாளா என்று தெரியவில்லை. ராஜம்மாள் காபியோடு வந்து மோகனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கண்ணு, உன்ன மாதிரி ஒருத்தி கூடப் பொறந்திருக்கணும். இவளைத் தூக்கிக் குளிப்பாட்ட என்னால முடியல, இடுப்பு போகுது. ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை வந்து ஒரு கை குடுக்கிறியா?"

மோகனா பூர்ணிமாவைப் பார்த்தாள். அவள் வேண்டாம் என்று சொல்வாள் என்று காத்திருந்தாள். சொன்னால் ஏன் என்று அம்மா கேட்பாள். கேட்டால் பந்தலில் தான் பேசியதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பூர்ணிமா திரும்பவே இல்லை.

"வர்றேம்மா," என்றாள் மோகனா.

ஏழு ஞாயிற்றுக்கிழமை போனாள். கட்டிலில் இருந்து பூர்ணிமாவைத் தூக்கி, பின்கட்டுக்குக் கொண்டுபோய் ஸ்டூலில் உட்கார வைப்பாள். பூர்ணிமா அவள் கழுத்தைச் சுற்றிக் கை போட்டாக வேண்டும், வேறு வழி இல்லை. ஒரு வார்த்தை பேச மாட்டாள். ஒருமுறை முதுகு தேய்க்கும்போது தோளைச் சிலுப்பிக் கையைத் தள்ளினாள். மோகனா கையை எடுத்துவிட்டு, சோப்பு நுரையோடு அவளை அப்படியே விட்டு நின்றாள். ஐந்து நிமிஷம் ஆயிற்று. சோப்பு காய்ந்து பூர்ணிமாவின் முதுகில் இழுத்தது. கடைசியில் அவளே முதுகைக் காட்டினாள்.

ஏழாவது வாரம் மோகனா ராஜம்மாளிடம் சொன்னாள், "வியாழக்கெழமை ஸ்டேட் டீம் கேம்ப் போறேம்மா. மூணு மாசம் வர முடியாது."

"ஐயோ, அப்ப இவளை யார் தூக்குவா?"

"யாரும் தூக்க வேணாம்," என்றது உள்ளிருந்து பூர்ணிமாவின் குரல். அந்த முதல் நாளுக்குப் பிறகு மோகனாவின் காதுபட அவள் பேசியது அதுதான். கட்டில் கிறீச்சிட்டது. சுவரைத் தேய்த்துக்கொண்டு கை நகரும் சத்தம் கேட்டது. ஒரு அடி, இன்னொரு அடி. பிறகு தடாலென்று விழுந்தாள்.

ராஜம்மாள் அலறிக்கொண்டு உள்ளே ஓடினாள். "மோகனா, வாம்மா, சீக்கிரம் வா!"

மோகனா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். வாரைச் சரியாக இழுத்துவிட்டு நிமிர்ந்தாள். உள்ளே ராஜம்மாள் மகளைத் தூக்க முடியாமல் மூச்சு வாங்குவது கேட்டது. அவள் தெருவில் இறங்கி, பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தாள்.