கீறல் விழுந்த இடம்

"இன்னிக்கும் சனங்க நாற்காலியை விட்டு எழுந்திரிக்கலேன்னா, அடுத்த மாசம் மேடை மேஜிக்காரருக்குத்தான்" என்று கறாராகச் சொல்லிவிட்டார் மண்டப மேலாளர். போன முறை வந்தவர்கள் கொட்டாவி விட்டே தாடை வலித்துப் போனார்களாம்.

தையல்காரி அன்றைய பாட்டுப் பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தாள். எப்போதோ கலைந்துபோன ஓர் இசைக்குழுவின் பாட்டுகளை அச்சு அசலாக மேடையேற்றுவது அவள் குடும்பத்துக்குப் பிடித்த பைத்தியம். அவள் பாட்டு, அண்ணி கிட்டார், குழாய் ரிப்பேர் பார்க்கும் அண்ணன் டிரம்ஸ்.

"படகுப் பாட்டுல சனங்களையும் பாட வைப்போம்ணா. பாதி நான், பாதி அவங்க."

"நீ பாடினாலே பாதிப் பேர் ஓடிடுவாங்க. மிச்சப் பாதிதான் பாடணும்."

"வாயை மூடுங்க ரெண்டு பேரும். திரை தூக்கறாங்க" என்றாள் அண்ணி.

தையல்காரி மைக்கை நீட்டியபோதெல்லாம், ஊசி போட வந்தவளைக் கண்டதுபோல முன்வரிசை பின்னால் சாய்ந்தது. மேலாளர் கதவோரம் கைகட்டி நின்றார். கடைசியில் படகுப் பாட்டு வந்தது.

"கரைக்கு... கரைக்கு... கரைக்கு..." என்று அவள் இழுக்க, அண்ணன் 'டொப்' என்று ஓர் அடி போட்டான். "வா, படகே!"

முன்வரிசையில் பச்சைக் கண்ணாடி போட்ட அம்மாள் வெடித்துச் சிரித்தார். "நிறுத்தும்மா! இந்தப் பாட்டை எங்க கத்துக்கிட்டே?"

"அப்பா இசைத்தட்டை ஓடவிட்டு, பக்கத்துல டேப் வச்சுப் பதிஞ்ச கேசட்டுல..."

"அதான் பார்த்தேன்! கரைக்கு ஒரு தடவைதான்மா. உங்க வீட்டுத் தட்டுல கீறல்!"

அண்ணன் குச்சியைக் கீழே வைத்தான். "அப்ப அந்த டொப்பு?"

"கீறல்ல சிக்கின முள்ளு நகர உங்கப்பா பெட்டியைத் தட்டியிருப்பாருப்பா!"

"ஐயோ, அதை மட்டுமே ஒரு வாரம் பழகினேனே!"

மண்டபமே குலுங்கியது. டிரம்ஸுக்குள் புகுந்து ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது தையல்காரிக்கு. ஆனால் அன்று முதல்முறையாக எல்லோர் கண்ணும் மேடை மேல் இருந்தது. விடுவாளா?

"கரைக்கு... கரைக்கு... கரைக்கு..." தூக்கிய கை தூக்கியபடியே சிலையாக நின்றாள். பாட்டு நகரவே இல்லை.

அண்ணிக்கு உடனே பிடிபட்டுவிட்டது. "சிக்கிக்கிச்சு! யாராவது வந்து தட்டுங்களேன்!"

பச்சைக் கண்ணாடி அம்மாள் புடவையைச் செருகிக்கொண்டு மேடையேறி, அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். டொப்! "வா, படகே!" என்று மண்டபம் சேர்ந்து பாடியது. அடுத்த சரணத்தில் மறுபடி சிக்கினாள். தட்டுவதற்கு நான் முந்தி நீ முந்தி என்று ஓடிவந்தார்கள். ஒருவர் அண்ணன் மண்டையிலேயே தட்டினார்.

"யோவ், பாட்டு அங்க சிக்கியிருக்கு!"

நாற்காலிகள் காலி. வரிசை வாசல்வரை போனது. அதில் மேலாளரும் நின்றார். அவர் முறை வந்து கை நீட்டியதும், தையல்காரி "கரைக்கு... கரைக்கு..." என்றபடியே தோளை நகர்த்திக்கொண்டாள்.

"அடுத்த மாசம் மேடை யாருக்கு சார்?" என்று கேட்டாள் அண்ணி.

"உங்களுக்குத்தான்! தோளைக் காட்டும்மா!"

டொப்.