லட்சத்தின் இடத்தில் ஜெனிபா

ஜூலை 9, புதன்.

இன்று மாலை வகுப்பில் ஒரு சிறு தவறு செய்தேன். வலமிருந்து மூன்று இலக்கம் தள்ளி ஒரு காற்புள்ளி, பிறகு இரண்டு தள்ளி இன்னொன்று போட வேண்டும். இரண்டாவதை மறந்துவிட்டேன்.

எண் 4,30,512. நான்காம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர், இலக்கத்துக்கு ஒருவராக வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். லட்சத்தின் இடத்தில் ஜெனிபா. வராந்தாவைப் பிடித்து நிறுத்துவது காற்புள்ளிதான். அது இல்லாததால் அந்தப் பக்கம் நீண்டுவிட்டது. ஜெனிபா கடுகளவு தெரிந்தாள். அவசரமாகச் சாக்பீஸால் ஒன்று போட்டேன். ஒட்டவில்லை.

ஆறரைக்கு அவளுடைய அம்மா எஸ்தர்ராணி தூக்குவாளியோடு வந்தார்.

"எம் புள்ள எங்க மிஸ்?"

"லட்சத்துல இருக்கா."

"படிக்க அனுப்புனேனா, பஸ் ஏத்தி விட்டேனா? மத்தியானமே சரியாச் சாப்பிடல. கூப்பிடுங்க."

கூப்பிட்டேன். அவளுக்குக் கேட்கவில்லை. பூஜ்ஜியமாக இருந்த முபாரக்கை எழுந்திருக்கச் சொன்னேன்.

"நான் ஒண்ணுமில்லதான் மிஸ். ஆனா என் எடம் இருக்குல்ல?" என்றான். இருந்தாலும் எழுந்தான்.

எண் 43,512 ஆனது. ஜெனிபா ஓரிடம் கிட்டே வந்தாள். பத்தில் ஒரு பங்குதான் வந்தாள்.

எஸ்தர்ராணி உற்றுப் பார்த்தார். "மீதி எங்க?"

"முபாரக் உட்கார்ந்தாத்தான் வரும்."

"உட்காருடா ராசா. கொறஞ்ச புள்ளையக் கூட்டிட்டுப் போனா அவ அப்பா என்னயத்தான் கேப்பாரு."

அவன் உட்கார்ந்தான். ஜெனிபா முழுதாகி மறுபடி தொலைவுக்குப் போனாள்.

"நானே போயி ஊட்டுறேன்" என்று எஸ்தர்ராணி நடந்தார். தடுக்க எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். பத்தின் இடத்தில் அவர் பத்துப் பேரானார். நூற்றில் நூறு பேர். எல்லார் கையிலும் தூக்குவாளி. ஆயிரத்தில் முபாரக் காலை மடக்கிக்கொண்டான்.

"தள்ளாம ஒவ்வொருத்தரா போங்க ஆன்ட்டி."

கடைசியில் ஒரு லட்சம் அம்மாக்கள் ஜெனிபாவைச் சூழ்ந்தார்கள். "வாயத் தொறடி" என்ற சத்தம் இங்குவரை வந்தது. சாப்பிட்டாள் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியாது.

பிறகு எல்லாரும் ஒரே குரலில் கேட்டார்கள். "புள்ளையத் தூக்கிட்டேன் மிஸ். இப்ப எப்படி வீட்டுக்குப் போறது?"

அந்தப் பாடம் இன்னும் நடத்தவில்லை என்று கத்தினேன்.

நாளை: கழித்தல். ஒரு லட்சத்திலிருந்து தொண்ணூற்று ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது.