எதன் மேலும் ஆசையில்லாத மசக்கை

எங்கள் கட்டடத்தில் ஒரு பெண் உண்டானால் அவள் மட்டும் உண்டாவதில்லை, நாங்கள் அத்தனை பேரும்தான். கடலோரத்து எங்கள் பிஸெர்த் ஊரே அப்படித்தான். மசக்கைக்காரி எதற்காவது ஆசைப்பட்டு அது கிடைக்காமல் போனால், அந்த ஏக்கத்தில் அவள் தன் உடம்பில் எங்கே கை வைத்தாளோ அங்கேயே பிள்ளைக்கு மச்சம் விழும் என்று நம்புகிறவர்கள் நாங்கள். என் வீட்டுக்காரருக்குக் காதுக்குக் கீழே ஒரு சிவப்புத் திட்டு உண்டு. அவருடைய அம்மா மாதுளம்பழத்துக்கு ஏங்கியதால் வந்ததாம். மனிதர் அதைப் பெருமையாக வேறு காட்டுவார்.

அதனால் மூன்றாம் மாடி நெஸ்ரீன் உண்டாகி, சாப்பிடாமல் இளைத்துக்கொண்டே போனபோது எங்கள் யாருக்கும் வேறு யோசனையே வரவில்லை. பெண் எதற்கோ ஆசைப்படுகிறாள், சொல்ல வெட்கப்படுகிறாள், அவ்வளவுதான்.

நெஸ்ரீன் தெற்கே காஃப்ஸாவிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண். மழலைப் பள்ளியில் டீச்சர். வந்த புதிதில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் பாட்டைப் பாடிக்கொண்டேதான் படியேறுவாள். புருஷன் வஜ்திக்கு மீன்பிடித் துறைமுகத்தில் வேலை, ஏலத்துக்கு வரும் பெட்டிகளை எடை போடுவான். இரண்டாம் மாடியில் மாமியார் பெய்யா. அவள் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் இரண்டாம் மாடியில் தும்மினால் மூன்றாம் மாடியில் இருக்கிற நான் ‘அல்லா கருணை காட்டட்டும்’ என்பேன். நெஸ்ரீன் வீட்டுக்கு நேர் எதிர் வீடுதான் எனக்கு.

“தெக்கத்திப் பொண்ணுங்களுக்கு வாயே கிடையாது, அக்கா,” என்று பெய்யா என் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். “கேட்டா ‘ஒண்ணும் வேணாம் மாமி’ங்கிறா. நான் வஜ்தியை வயித்துல வச்சிருந்தப்போ என் மாமியார்கிட்ட ஆட்டுத்தலை கேட்டேன், வான்கோழி கேட்டேன், பக்கத்து வீட்டுக் கல்யாண விருந்தையே கேட்டேன்!”

“உனக்கு மசக்கை எங்கே, பெய்யா? நீ எப்பவுமே அப்படித்தான்.”

“சிரி, சிரி. பேரப்பிள்ளை மூக்குல மச்சத்தோட பொறந்தா அப்போ சிரி.”

அன்றைக்கு ஆரம்பித்தது. முதல் மாடியிலிருந்து முட்டை வைத்துப் பொரித்த பிரிக் வந்தது. நான் முலூக்கியா இலைப்பொடி போட்டுக் கறிக்குழம்பு கிளறி எடுத்துப்போனேன். மொட்டைமாடி அறையில் இருக்கும் தையற்காரி பைன் விதைப் பாயசம் கொண்டுவந்தாள். எதற்கும் நெஸ்ரீன் முகம் மாறவில்லை. எல்லாவற்றிலும் ஒரு வாய் எடுத்துக்கொண்டு “சமைச்ச கை நோகாம இருக்கணும்” என்று வாழ்த்திவிட்டு ஜன்னலைப் பார்ப்பாள். அப்புறம் பெய்யாவுக்கு ஒரு ஞானோதயம். காஃப்ஸா பெண்ணாயிற்றே, சப்பாத்திக்கள்ளிப் பழத்துக்குத்தான் ஏங்குகிறாள்! அதுவோ ஆகஸ்டில் பழுக்கிறது. நாங்கள் இருந்ததோ நல்ல மாரிக்காலம், கடற்காற்று ஜன்னலைப் பிடுங்குகிறது. வஜ்தி பாவம், ஊரெல்லாம் அலைந்து, யாரோ ஒரு புண்ணியவதி ஐஸ்பெட்டியில் உறையவைத்திருந்த பழத்தைக் கொண்டுவந்தான். கல் மாதிரி இருந்தது. வெந்நீரில் போட்டு இளக்கி ஊட்டப் போனார்கள். நெஸ்ரீன் அதைப் பார்த்தாள், அழ ஆரம்பித்தாள், நிறுத்தவே இல்லை.

“பாத்தியா? சந்தோஷத்துல அழுறா,” என்றாள் பெய்யா. ஆனால் அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை என்பது குரலில் தெரிந்தது.

அடுத்த வாரம் வஜ்தி வேலையிலிருந்து வந்து கட்டிலோரம் உட்கார்ந்திருக்கிறான். நெஸ்ரீன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அப்போது உள்ளே வந்த பெய்யா அதைப் பார்த்துவிட்டாள். பிடித்துக்கொண்டாள்!

“அடச்சே, இதுவா விஷயம்! புருஷன் மேலேயே மசக்கை!”

இதுவும் எங்கள் பக்கத்தில் உண்டு. சில பெண்களுக்கு அந்த மாதங்களில் புருஷனைக் கண்டாலே ஆகாது, அவன் வாசனையே குமட்டும். வஜ்தியோ நாளெல்லாம் மீனோடு இருக்கிறவன். பெய்யா அவனைப் படிக்கட்டுக்கு இழுத்துப்போய்க் காதில் ஓதினாள். அவன் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துத் தேய்த்துக் குளித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் தலையணையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கே தூங்கப் போனான். நெஸ்ரீன் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. “கேட்டாளா பாரு! நிம்மதியா இருக்கா” என்று பெய்யா எல்லோரிடமும் சொன்னாள்.

நிம்மதி என்றால் இப்படியா இருக்கும்? ஒரு மத்தியானம் சூடாகக் கோழி சூப் எடுத்துக்கொண்டு போனேன். கதவு சாத்தியிருக்கவில்லை. முந்தின நாள் நான் வைத்துவிட்டு வந்த தட்டு அப்படியே இருந்தது, மூடிய துணிகூட விலகாமல். தலை வாரவில்லை. நான் வாங்கிக்கொடுத்த பிள்ளைச் சட்டைகள் இருந்த பை மூலையில் கட்டுப்பிரிக்காமல் கிடந்தது. “ஆஸ்பத்திரிக்குப் போனியா?” என்றேன். போன தடவையும் போகவில்லையாம்.

சூப்பைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“உண்மையைச் சொல்லு கண்ணு, உனக்கு என்னதான் வேணும்?”

“எனக்கு ஒண்ணுமே வேணும்னு தோணலை பெரியம்மா.” குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போல இருந்தது. “நீங்க எல்லாம் சமைச்சுச் சமைச்சுக் கொண்டாரீங்க. எனக்கு வெக்கமா இருக்கு. எதைத் தின்னாலும் மண்ணு மாதிரி இருக்கு. ராத்திரி தூக்கமே இல்லை. உள்ளே பிள்ளை உதைக்குது, எல்லாரும் சந்தோஷப்படுவாங்களாமே, எனக்கு ஒண்ணுமே ஆகலை. நான் என்ன ஜென்மம்?”

“இதை யார்கிட்டயாவது சொன்னியா?”

“யார்கிட்ட சொல்ல? அவரே என்னைச் சகிக்க முடியாம போயிட்டாரு.”

“யாரு போனா?”

“வஜ்திதான். தலையணையை எடுத்துட்டுப் போயிட்டாரு. அவர் மேல தப்பே இல்லை. என்னை மாதிரி ஒருத்தி இல்லாம இருந்தா அந்தப் பிள்ளைக்கே நல்லது.”

பாருங்கள், எங்களில் ஒருத்தி, ஒரே ஒருத்தி, அவன் ஏன் கீழே போனான் என்று அவளிடம் சொல்லவில்லை! அவளுக்காகத்தான் செய்கிறோம், அவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று விட்டுவிட்டோம். அவளைத் தனியே விட்டு எழுந்து போக எனக்குத் தைரியம் வரவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினேன்.

“பெய்யா! ஏ பெய்யா! மேல வா!”

என் குரலும் சாமானியமில்லை. பெய்யா மாவுக் கையோடு ஓடிவந்தாள். நெஸ்ரீன் சொன்னதை அவளுக்கு எதிரிலேயே சொன்னேன், ஒன்றையும் மறைக்காமல். பெய்யாவின் முகத்தில் முதலில் கோபம்தான் ஏறியது.

“நாலு பேர் காதுல விழப்போகுது, மெதுவா பேசு அக்கா! பைத்தியம்னு பேர் வச்சிருவாங்க. எல்லாம் மசக்கை, பிள்ளை பொறந்தா சரியாயிரும்.”

“பொறக்கற வரைக்கும் இவ இருக்கணுமே, பெய்யா.”

பெய்யா மருமகளைப் பார்த்தாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தட்டைப் பார்க்காமல் அவளைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். மாவுக் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஏண்டி, நிஜமாவே அப்படித் தோணுதா? நீ இல்லாம இருந்தா நல்லதுன்னு?”

நெஸ்ரீன் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

பெய்யா எழுந்து ஜன்னலைத் திறந்து தெருவைப் பார்த்துக் கத்தினாள், “வஜ்தி! காப்பிக் கடையில யாரு இருக்கீங்க, அந்தக் கழுதையை அனுப்புங்கடா!”

வஜ்தி வந்தான். மூச்சு வாங்க வாசலிலேயே நின்றான். உள்ளே வரப் பயம், வாசனை பட்டுவிடுமாம்.

“என்னைப் பாக்கப் பிடிக்கலைன்னு சொன்னியாமே?” என்றான்.

“நான் எப்போ சொன்னேன்?”

“அம்மாதான்...”

“ஆமாம்டா, அம்மாதான்! அம்மா சொன்னா மூளையைக் கழட்டி வச்சிருவியா? நீ பொண்டாட்டிகிட்டக் கேக்க வேண்டாமா?” என்றாள் பெய்யா. அநியாயத்தைக் கேளுங்கள்!

வஜ்தி உள்ளே வந்து அவள் காலடியில் உட்கார்ந்தான். எலுமிச்சையும் அத்தரும் சேர்ந்து அறையே நாறியது. நெஸ்ரீன் மெதுவாக, “மீன் வாசனையே பரவால்ல” என்றாள். அவன் அழுதான். அவள் அழவில்லை, ஆனால் அவன் தலைமேல் கையை வைத்தாள்.

மறுநாள் காலையில் நாலு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா சின்ன வயசுக்காரி, அவசரப்படாமல் கேட்டாள். தூக்கம் எப்படி, அழுகை எப்போதிலிருந்து, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டாள். பெய்யா என் கையை நசுக்கினாள். நெஸ்ரீன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள்.

“இது மனச்சோர்வு,” என்றாள் டாக்டரம்மா. “பிள்ளை பெத்தப்புறம்தான் வரும்னு நினைக்கிறாங்க. வயித்துல இருக்கும்போதே நெறைய பேருக்கு வருது. உங்க தப்பில்லை, நீங்க கெட்ட தாயும் இல்லை. நீங்க சாப்பிடாம தூங்காம இருக்கிறதால பிள்ளையும் மாசத்துக்குக் கொஞ்சம் சிறிசா இருக்கு. இனி அடிக்கடி பாத்துக்குவோம். உங்களை நல்லாக்கினா அதுக்கும் நல்லது.”

“என்ன கொடுக்கணும் டாக்டர்? எந்தச் சாப்பாடு? எங்கேன்னு சொல்லுங்க, என் மகனை அனுப்பறேன்,” என்றாள் பெய்யா.

“சாப்பாடு இல்லைம்மா. வாரா வாரம் ஒருத்தர்கிட்ட உக்காந்து பேசணும். இந்த நேரத்துல சாப்பிடக்கூடிய ஒரு மாத்திரை தரேன். வீட்டுல தனியா விடாதீங்க. அவங்க சொல்றதை, திருத்தாம கேளுங்க.”

“திருத்தாமலா?” பெய்யாவுக்கு அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான மருந்து.

உடனே வெளிச்சம் வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். மாத்திரை வேலை செய்யவே சில வாரம் ஆனது. நல்ல நாள் ஒன்று வரும், பின்னாலேயே எழுந்திருக்க முடியாத நாள் வரும். பெய்யா பக்கத்தில் உட்கார்ந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் கேட்பாள். நடுவில் என் வீட்டுக்கு ஓடிவந்து, சொல்லாமல் விட்டதையெல்லாம் என்னிடம் கொட்டிவிட்டுப் போவாள். வஜ்தி வேலை முடிந்ததும் நெஸ்ரீனைக் கடற்கரைக்கு நடத்திக் கூட்டிப்போவான். கால்வாயின் தூக்குப் பாலம் மேலே எழும்பிக் கப்பல் போகிறவரை நின்று பார்த்துவிட்டு வருவார்களாம். வசந்தத்தில் ஒரு நாள் படிக்கட்டில் முனகல் மாதிரி ஒரு பாட்டு கேட்டது. நான் கதவைத் திறக்கவில்லை, கேட்டுக்கொண்டு நின்றேன்.

கோடை தொடக்கத்தில் பெண் குழந்தை பிறந்தது. கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டாள், மெலிசாக இருந்தாள், ஆனால் அழுத அழுகை பெய்யாவின் பேத்திதான் என்று சொன்னது. யுஸ்ரா என்று பேர் வைத்தார்கள். கையில் கொடுத்தபோது நெஸ்ரீன் நெடுநேரம் பார்த்தாள்.

“எனக்கு இன்னும் ஒண்ணும் தோணலை மாமி,” என்றாள், எங்கள் எல்லோருக்கும் எதிரில்.

அந்த வார்த்தையை அவள் ஒளிக்காமல் சொன்னாள் பாருங்கள், அதிலேயே எனக்குப் பாதி உயிர் வந்தது.

“சரி,” என்றாள் பெய்யா. திருத்தவில்லை! “வரும்போது வரட்டும். அதுவரைக்கும் எனக்குத் தோணுறது ரெண்டு பேருக்குப் போதும்.” டாக்டரம்மாவிடமும் அன்றே சொன்னார்கள். அவள் மாத்திரையைத் தொடரச் சொன்னாள்.

ஊரே வெயிலில் காய்ந்த ஒரு காலை, பெய்யா என் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

“அக்கா, கேட்டியா அநியாயத்தை! என் கையிலேருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கிட்டா! ‘குடுங்க மாமி, கழுத்தைத் தாங்காம புடிச்சிருக்கீங்க, அவளுக்கு வலிக்கும்’ங்கிறா. நான் மூணு பெத்தவ! என்னையா சொல்றா? இப்போ கதவைச் சாத்திட்டு அதுகிட்ட என்னமோ கொஞ்சிக்கிட்டிருக்கா, என்னை உள்ளேயே விடலை!”

“அதட்டினாளா?”

“அதட்டினாளாவா? கத்தினா!” என்றாள் பெய்யா. அப்புறம் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, கட்டடம் முழுக்கக் கேட்கும்படி அழுதாள்.