இரண்டு ஓ போட்ட சூசை

"இனிப்பு வியாபாரின்னு யாருலே போடச் சொன்னா?" வின்சி போனைத் தம்பியின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

உள்ளே அப்பா சூசை கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தார். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்தவர், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டார். சாயங்காலம் அடக்கம். வெயில் ஏறியும் பந்தலில் பக்கத்து வீட்டுக்காரர்களைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பாதி வீட்டு விசேஷங்களுக்குப் பால்கோவா கிண்டிக் கொடுத்த மனுஷனுக்கு இதுதான் கூட்டமா?

"பின்ன எப்படிக்கா போட? பால்கோவா சூசைன்னு போட்டா கேஸாயிரும்" என்றான் பென்சன்.

வின்சிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இந்த வம்பை விலைகொடுத்து வாங்கினவனே அவன்தான். போன வருஷம் ஆன்லைனில் விற்கப்போகிறேன் என்று குதித்து, 'சூசை பால்கோவா' என்று ஒரு டொமைன் பதிவு செய்தான். ராஜபாளையத்தில் அதே பேரில் பெரிய கடை இருக்கிறது, டிரேட்மார்க் எல்லாம் வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று அவள் தொண்டைத் தண்ணி வற்றக் கத்திப் பார்த்தாள். "அவிய எஸ்ஸுக்குப் பொறவு யூ போட்டிருக்காவ. நான் ரெண்டு ஓ போட்டிருக்கேன். அது வேற, இது வேற. காலியா இல்லைன்னா கம்ப்யூட்டர் கொடுக்குமாக்கா?" என்று கேட்டான் அந்த மேதாவி. ஊரில் எவன் ஓவையும் யூவையும் எண்ணிப் பார்த்துப் பால்கோவா வாங்குகிறான்? காதில் விழுவது சூசைதானே!

வக்கீல் நோட்டீஸ் வந்தது. ஜனங்கள் குழம்பிப்போவார்கள் என்று அதில் எழுதியிருந்தது. அப்பா ராஜபாளையத்துக்குப் போய் டொமைனை அவர்களுக்கே விட்டுக்கொடுத்தார். இனி அந்தப் பேரில் வியாபாரம் செய்யமாட்டோம் என்று கையெழுத்தும் போட்டார். திரும்பி வந்து மகனை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் வின்சிக்கு இன்றுவரை ஆறவில்லை.

அன்றைக்குப் பயப்பட வேண்டியவன் இன்றைக்குப் பயப்படுகிறான், அதுவும் செத்த வீட்டில்!

"வியாபாரத்துக்குத்தாம்ல அந்தப் பேரு கூடாது. அடக்கம் பண்றது வியாபாரமா?"

"எந்த விளம்பரத்துலயும் கூடாதுன்னு இருக்குக்கா. மைக்கு, பிளெக்ஸு எல்லாம் விளம்பரந்தான?"

அப்பா அல்வாவையும் லட்டையும் ஜென்மத்தில் கிண்டியதில்லை. அவரைப் போய் 'இனிப்பு வியாபாரி எஸ். சூசை' என்று வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறான். மைக் கட்டிய ஆட்டோவும் ஊர் முழுக்க அதையே சொல்லிவிட்டு வந்து நின்றது. இந்தத் தெருவிலேயே மூன்று சூசை இருக்கிறார்கள். எவர் என்று யாருக்குத் தெரியும்?

"ஏட்டி வின்சி, பால்காரவியளக்கூடக் காணலியே?" என்றாள் அம்மா பரிபூரணம். வின்சி தெருமுனையை எட்டிப் பார்த்தாள்.

அப்போது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. நோட்டீஸ் அனுப்பிய ராஜபாளையத்துக் கடை முதலாளி பெலிக்ஸ், இரண்டு கைநிறைய மாலைகளோடு இறங்கினான். பின்னாலேயே அவனைப் பெற்றவர், கடைக்குப் பேர் கொடுத்த பெரிய சூசை, கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார்.

"பாத்தியாக்கா, பிளெக்ஸு வச்சிருக்கமான்னு பாக்க வந்துட்டாவ" என்று கிசுகிசுத்தான் பென்சன்.

"வாயை மூடுலே."

பெரியவர் வின்சிக்கு முன்னால் வந்து நின்று மூச்சு வாங்கினார். "இது அம்புட்டும் உங்கப்பனுக்கு வந்த மாலை தாயி. இனிப்பு வியாபாரி சூசைன்னதும் செத்தது நான்தான்னு நெனச்சு, என் வீட்டு வாசல்ல கொண்டாந்து போட்டுட்டு அழுதாவ. நான் உள்ள இட்லி தின்னுக்கிட்டிருக்கேன்! என்னைப் பாத்து ஒருத்தி மயக்கம் போட்டுட்டா."

வின்சிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டாள்.

"செத்தது எந்தச் சூசைன்னு ஒழுங்காச் சொன்னா என்னலே?" என்று பெரியவர் பென்சனைப் பிடித்துக்கொண்டார்.

"பால்கோவா சூசைன்னு சொல்லக் கூடாதுன்னு நீங்கதான நோட்டீஸ்ல..."

பெரியவர் மகனைத் திரும்பிப் பார்த்தார். "அது கடைக்குத்தாம்ப்பா..." என்று இழுத்தான் பெலிக்ஸ்.

"கடையாம் கடை!" கம்பைத் தட்டிக்கொண்டு அவர் நேரே ஆட்டோவுக்குப் போனார். டிரைவர் முத்துக்குமரன் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். மைக்கை அவன் கையிலிருந்து வாங்கியவர், பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, "விடுலே வண்டிய" என்றார்.

ஆட்டோ தெருமுனை திரும்பியது. கரகரத்த குரல் கேட்டது.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. பால்கோவா சூசை இறந்துட்டாரு. நான் ராஜபாளையத்துச் சூசை பேசுதேன், நான் சாகலை. செத்தது உங்க ஊரு பால்கோவா சூசை. எல்லாரும் வந்துருங்க."

அடுத்த தெருவில் கேட்டது. அதற்கடுத்த தெருவிலும் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் வாசலில் செருப்புக் கழற்ற இடமில்லை. பால் ஊற்றுகிறவர்கள் வெறும் கேனோடு அப்படியே வந்திருந்தார்கள். மில்லுக்குப் போகிற பெண்கள் சாப்பாட்டுத் தூக்கைப் பந்தல் காலில் மாட்டிவிட்டு உள்ளே போனார்கள். வந்த எல்லாரும் அப்பாவை அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டு அழுதார்கள். பென்சன் திண்டாடிப்போய் நடுவில் நின்றான்.

"என்னலே மரம் மாதிரி நிக்கே? ஓடிப்போய் நாற்காலி எடுத்துட்டு வா" என்று வின்சி கத்தினாள். "அப்பாவப் பாக்க வந்தவிய எல்லாரும் நின்னுக்கிட்டே..."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.