பென்சிலில் எழுதிய காவல்காரர்

வரலாறும் மொழியும் ஒரே வகுப்பில் குடித்தனம் நடத்தும் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகள்கூட நம்பவில்லை. வரலாற்று ஆசிரியருக்கு அவர்கள் வைத்த பெயர் 'எப்போ சார்', எதைச் சொன்னாலும் "எப்போ?" என்று கேட்பார். மொழி ஆசிரியைக்குப் பெயர் 'சிவப்பு மை'. அவர் திருத்திய தாளுக்குக் கட்டுப் போடலாம் போலிருக்கும். இருவரின் பாடவேளைகளையும் இணைத்த தலைமையாசிரியை, "பெற்றோர் கூட்டம் வரைக்கும் பார்ப்போம். சரியா வரலைன்னா அந்த நேரம் கணக்குக்குப் போயிடும்," என்று சொல்லிவிட்டார்.

முதல் வாரம் கீரியும் பாம்புமாகக் கழிந்தது. பிறகு, பல ஆண்டுகளுக்கு முன் ஊரின் ஆற்றுப் பாலம் வெள்ளத்தில் போன கதையைப் பிள்ளைகளே எழுதட்டும் என்று முடிவாயிற்று. கற்பனை கலந்தால் வரலாறு கெடும் என்றார் எப்போ சார். கலக்காவிட்டால் யார் படிப்பார் என்றார் சிவப்பு மை. கடைசியில் எப்போ சார்தான் வழி கண்டார்: ஆதாரம் உள்ளதைப் பேனாவில் எழுத வேண்டும், ஊகித்ததைப் பென்சிலில். ஒரே பத்தியில் நீலமும் சாம்பலும் கலந்து கிடந்ததைக் கண்டு சிவப்பு மைக்கு உடம்பு கூசியது. ஆயினும், தூங்கி வழிந்த பிள்ளைகள்கூடப் பழைய செய்தித்தாள் கேட்டு நூலகரின் உயிரை எடுத்தார்கள். இத்தனை ஆண்டுப் பணியில் அப்படியொரு வகுப்பைச் சிவப்பு மை கண்டதில்லை. அதை இழந்துவிடக் கூடாது என்ற ஆசைதான் அவர் கண்ணை மறைத்தது.

கூட்டத்துக்கு முதல் நாள், "பெரியவங்க பார்க்கப் போறாங்க. எல்லாரும் பேனாவிலேயே படியெடுங்க. பென்சில் கறை ஒண்ணு இருக்கக் கூடாது," என்று உத்தரவிட்டார்.

மறுநாள் முன்வரிசைச் சிறுமி கணீரென்று வாசித்தாள்: "பாலம் உடைந்த இரவில் காவல்காரர் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தார்."

பின்னால் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. எழுந்தவர் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய், பல் மருத்துவர்.

"யாரும்மா உனக்குச் சொன்னது? அந்தக் காவல்காரர் என் அப்பா."

"அது... நான் பென்சில்ல எழுதினது டாக்டர்," என்றாள் சிறுமி, அழாக்குறையாக.

தலைமையாசிரியையின் முகம் இறுகியது. கணக்கு ஆசிரியர் அதற்குள் பாடவேளை அட்டவணையை மடியில் விரித்துவிட்டார்.

சிவப்பு மை எழுந்தார். "பிள்ளை மேல தப்பில்லை. அது ஊகம்னு அவ காட்டித்தான் இருந்தா. பார்க்க அழகா இருக்கணும்னு நான்தான் அந்த அடையாளத்தை அழிச்சேன். மன்னிச்சுடுங்க."

எப்போ சார் கரும்பலகையருகே நின்றிருந்தார். சற்றே ஒதுங்கி நின்றிருந்தால் பழி முழுவதும் அவரைத் தாண்டிப் போயிருக்கும்.

"அவங்க அப்படிச் சொன்னப்போ நானும் பக்கத்துலதான் இருந்தேன். வாயை மூடிக்கிட்டு," என்று முன்னே வந்தார். "அன்னிக்கு உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்குன்னு சொல்வீங்களா டாக்டர்? பிள்ளைங்க எழுதிக்குவாங்க."

மருத்துவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப்போட்டு அமர்ந்தார்.

"நான் சின்னப் பொண்ணு. அப்பா தொப்பலா நனைஞ்சு வந்தார். கையில கண்ணாடி உடைஞ்ச சிவப்பு விளக்கு. வண்டிகளை மறிச்சுக் கத்திக் கத்திக் குரலே போயிடுச்சாம். அம்மா குடுத்த வெந்நீரைக் குடிக்கக்கூட இல்லை. டம்ளரைப் பிடிச்சுக் கையைச் சூடு பண்ணிக்கிட்டே இருந்தார்."

"எப்போ?" என்றான் ஒரு பயல். எப்போ சார் தலையில் அடித்துக்கொண்டார்.

மருத்துவரே முதலில் சிரித்தார். "விடியக்காலைலடா. பல்லைக் காட்டாம எழுது. காட்டணும்னா என் கிளினிக்குக்கு வா."

சிறுமி தயங்கியபடி கேட்டாள்: "இப்போ பேனாவுல எழுதலாமா?"

"நான் பார்த்ததை எழுது. வண்டியை மறிச்சது அப்பா சொன்னதுன்னு சேர்த்து எழுது. அவர் மனசுல என்ன ஓடிச்சோ, அது பென்சில்தாம்மா."

எப்போ சாரின் முகம் மலர்ந்துபோயிற்று.

விடைபெறும்போது மருத்துவர் சிறுமியின் தலையை வருடினார். "இத்தனை வருஷமா யாரும் என்கிட்ட கேட்டதில்லை. நீ தப்பா எழுதினதாலதான் கேட்டாங்க. நல்லா இரு." பிறகு தலைமையாசிரியையிடம், "அடுத்த வருஷம் என் பையனும் இந்த வகுப்புக்குத்தானே வருவான்?" என்றார்.

தலைமையாசிரியை கணக்கு ஆசிரியரைப் பார்த்தார். அட்டவணை மடங்கியது. "வருவான்," என்றார்.

சில நாள் கழித்து, நீலமும் சாம்பலுமாய்ச் சிறுமியின் புதிய படி வகுப்புச் சுவரில் ஏறியது. சிவப்பு மை அதன் கோணலை மட்டும் நேராக்கிவிட்டு, மேசையிலிருந்த பென்சில்களை ஒவ்வொன்றாகச் சீவத் தொடங்கினார்.

"சார், ரொம்ப நன்றி. அன்னிக்கு என்னைத் தனியா நிக்க விடல நீங்க."

வரலாற்று ஆசிரியர் புத்தகத்திலிருந்து தலை நிமிரவில்லை.

"எப்போ?" என்றார்.